ஒராள்

பஸ் நிலையத்தில் இறங்கினால் முதலில் ஒரு மான்.
தனியாக நின்று வாழைப்பழத் தோல் தின்கிறது.
எத்தனை பேர் என்று
அதனிடம் யாரும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள்,
மத்திய வீதியில், ஏசி போட்ட கடையில்.
"எத்தின பேர் மிஸ்?"
ஒராள்.
பையன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்,
ஓட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டு
யாரும் வாசலில் நிற்கிறார்களோ என்று.
பிறகு ஆறு கதிரை மேசையில் என்னை இருத்தி
ஐந்து கிளாஸ்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்,
ஒவ்வொன்றாக,
சத்தத்தோடு.

தராசுக்கு முத்திரை குத்துவது என் வேலை.
மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறேன், பத்து நாள் பதில் கடமை.
பெட்டிக்குள் பித்தளைப் படிகள்,
ஐந்து கிலோ தொடங்கி ஒரு கிராம் வரைக்கும்.
வெல்வெட்டுக் குழியில் அதது தன்பாட்டில் படுத்திருக்கும்.

தனிய ஒருத்தி சாப்பிடத் தோதான கடையை
இப்போதெல்லாம் வீதியில் நின்றே சொல்லிவிடுவேன்.
சுவரைப் பார்த்தபடி ஒரு பலகை வேண்டும்.
காசு மேசைக்காரருக்கு டிவியில் கிரிக்கெட் ஓடவேண்டும்.
கை கழுவப் போவதற்கு
எல்லா மேசையையும் தாண்டக் கூடாது.
குடும்ப அறை என்று திரை தொங்கினால் ஆபத்து.
ஒருநாள் அதற்குள் அனுப்பினார்கள்.
யாருடையதோ பிறந்தநாள் பலூன்,
பாதிக் காற்றுப் போனது,
கடைசிவரை எதிரில் இருந்தது.

உள்துறைமுக வீதியில் உவைஸ் நானாவின் கடை.
நாலு மேசை, சுவரோடு ஒரு நீட்டுப் பலகை.
எத்தனை என்று அவர் கேட்பதில்லை.
"இடியப்பமா, புட்டா?"
அவ்வளவுதான்.
கை துடைக்கப் பேப்பரைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்.
என் துண்டில் அரைவாசி மரண அறிவித்தல்,
அன்னாரின் அன்பு மனைவியும் என்பதோடு நிற்கிறது.
மிச்சத்தை மூன்று இரவு தேடினேன்.

செவ்வாய் இரவு பக்கத்தில் ஒரு நேவிக்காரன்.
சீருடை இல்லை, வெட்டிய தலைமயிரில் தெரிந்தது.
அவனுக்குத் தமிழ் வராது.
என் சிங்களம் அலுவலகப் படிவங்களோடு முடிந்துவிடும்.
இருவருக்கும் நடுவில் ஒரு சொதிக் கோப்பை.
ஊற்றிவிட்டுக் கரண்டிக் காம்பை
என் பக்கம் திருப்பி வைத்தான்.
நான் ஊற்றிவிட்டு அவன் பக்கம்.
மறுபடி அவன்.
அதைப் பேச்சில் சேர்ப்பதா, தெரியாது.
சொதி முடிந்ததும் போய்விட்டான்.

புதன் காலை, நகரமண்டபத்தில் முத்திரை முகாம்.
வரிசையில் உவைஸ் நானா,
சாரத்துக்கு மேலே கஞ்சி போட்ட சேர்ட்,
கையில் குழந்தையைப் போலத் தராசு,
மஸ்கத்தும் மிக்சரும் நிறுக்கிறது.
என்னைக் கண்டு சிரிக்கத் தொடங்கி
பாதியில் மடித்து வைத்துக்கொண்டார்.

கிலோப் படியை வைத்தேன்.
ஆயிரத்துப் பதினெட்டு.
எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தேன்.
ஆயிரத்துப் பதினெட்டு.
இரவுக்கு எங்கே சாப்பிடுவது என்பதும்
அந்தப் பதினெட்டுக் கிராமுக்குள் கிடந்தது.
திருத்திக்கொண்டு வாங்கோ, என்றேன்.
"ஓம் மிஸ்."
முன்னால் நின்ற மீன்காரரும் அப்படித்தான் சொன்னார்.

அன்றிரவு லொட்ஜ் கட்டிலில் பார்சல்.
லஞ்ச் சீட் முழங்காலில் ஒட்டியது.
கொத்தில் உப்பில்லை.
எழுந்து போய்க் கேட்க ஆளில்லை.

வியாழன் மழை.
குடையை மடக்கும்போதுதான் பார்த்தேன்,
கால்கள் உள்துறைமுக வீதிக்கு வந்திருந்தன.
காசு மேசையில் தராசு இருந்த இடம்
தூசியில்லாத ஒரு சதுரம்.
உவைஸ் நானா நிமிர்ந்தார்.
முதல்முறையாகக் கேட்டார்:
"எத்தின பேர்?"

ஒராள்.

பலகையைத் துடைத்தார்.
பீங்கான் வந்தது.
எண்ணினேன், வேலைப் பழக்கம்.
எட்டு இடியப்பம்.
முந்தியும் எட்டுத்தான்.
சொதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனவர்
இரண்டு அடியில் திரும்பி வந்து
கரண்டிக் காம்பை
என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.